கடலுக்கடியில் 8.6 நிலநடுக்கம் அடித்தும் சுனாமி ஏன் வரவில்லை? ரங்கூன்காரர்கள் பயப்பட வேண்டுமா?

தெரு46:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக அம்மா சரியாகத் தூங்கவில்லை. எங்கள் குடும்ப வைபர் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. அந்தமான் கடலுக்கு அடியில் பெரிய பிளவு திறந்துவிட்டதாம், இந்த மாதக் கடைசியில் 9 ரிக்டர் அடிக்குமாம், ஊர் நடுவில் உள்ள சூலே பயா (புத்த கோயில்) வரைக்கும் தண்ணீர் ஏறுமாம். கீழே "இதை பத்துப் பேருக்கு அனுப்பவும்" வேறு.

நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு படிக்கட்டுச் சுவரில் ஒரு விரிசல் வந்திருக்கிறது, சுண்டுவிரல் நுனி நுழையும். அதைப் பார்த்துப் பார்த்தே அம்மாவுக்குப் பாதி பயம். அடையாள அட்டை, இரண்டு வளையல், முருகன் படம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வாசலில் வைத்திருக்கிறார். "போன தடவை ஏப்ரல் 21 என்றார்கள், ஒன்றும் வரவில்லையே" என்றால், "அப்போது வராததால்தான் இப்போது வரும்" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. 2012இல் சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் 8.6 அடித்தும் சுனாமி வரவில்லை என்று மாமா ஒருவர் சொன்னார். நிஜமா? 2004இல் வந்தது 9.1. அரைப் புள்ளிதானே வித்தியாசம்? அன்று இரண்டு லட்சம் பேருக்கு மேல் போனார்களே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தர்வாக்கு:
சகோதரி, அலட்சியம் வேண்டாம். எறும்பு மேல் மாடிக்கு ஏறுகிறது. எங்கள் தெரு நாய்கள் ராத்திரி முழுக்க ஊளையிடுகின்றன. பெரியவர்கள் சொன்னது பொய்க்காது.

மோல்மீன்_மணி:
எங்கள் தெரு நாய்கள் 1990இலிருந்து ஊளையிடுகின்றன, அண்ணே.

தட்டோன்_வாத்தியார்:
அம்மா தெரு46, மாமா சொன்னது நிஜம். 2012 ஏப்ரல் 11, நம்ம நேரத்துக்கு மத்தியானம் மூன்று மணி தாண்டி எட்டு நிமிடம். பண்டா ஆச்சேக்குத் தென்மேற்கே நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நடுக்கடலில் 8.6. இரண்டு மணி நேரம் கழித்து 8.2 இன்னொன்று. இந்துமாக் கடல் சுற்றிலும் எச்சரிக்கை கொடுத்தார்கள், சென்னையில் ஆபீஸ் கட்டடங்களிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். கடைசியில் சுமத்ராக் கரையில் ஏறிய அலை ஒரு மீட்டர் அளவுதான். சாயந்திரத்துக்குள் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். டியூஷன் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியது இது, நீங்களும் அம்மாவுக்குச் செய்து காட்டலாம். குளிக்கிற தொட்டியில் முக்கால்வாசி தண்ணீர் பிடியுங்கள். உள்ளங்கையை விரித்து அடியில் வைத்து, வெடுக்கென்று மேலே தூக்குங்கள். தண்ணீர் குவிந்து எழுந்து விளிம்பைத் தாண்டிக் கொட்டும். இப்போது அதே கையைக் கத்தி மாதிரி நிமிர்த்தி, நேராக முன்னே இழுங்கள். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் மேலே சுருக்கம் விழுமே தவிர, தண்ணீர் எழும்பாது. முதலாவது 2004. இரண்டாவது 2012.

2004இல் இந்தியத் தட்டு (தட்டு என்றால் பூமியின் மேலோட்டில் மெல்ல நகர்கிற பெரும் பாறைப் பலகை) நம்ம பர்மாத் தட்டுக்குக் கீழே போய்ச் செருகுகிற இடம் உடைந்தது. (ஆமாம், அதன் பெயரே பர்மாத் தட்டுதான். அந்தமான், நிக்கோபார், சுமத்ராவின் ஒரு ஓரம் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன.) கீழே போகிற தட்டு மேலே உள்ளதன் விளிம்பையும் சேர்த்து நூற்றுக்கணக்கான வருஷம் அமுக்கி இழுத்துக்கொண்டிருந்தது. பிடி விட்டவுடன் விளிம்பு மேலே துள்ளியது. கடல் தரை சில மீட்டர் எழுந்தால் அதன் தலையில் நிற்கும் தண்ணீரும் அத்தனையும் எழ வேண்டியதுதானே? அதுவும் ஒரே இடத்தில் இல்லை, ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு.

2012 அந்த விளிம்பில் நடக்கவில்லை. அதற்கு மேற்கே, இந்தியத் தட்டின் நடு வயிற்றில். அங்கே பிளவின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. ஒரு பிளவு கூட இல்லை, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பல பிளவுகள், ஜன்னல் கம்பி மாதிரி. கருவிகள் பதிவு செய்த பக்கவாட்டு நடுக்கங்களில் அதுதான் ஆகப் பெரியது. தரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். தண்ணீருக்கு என்ன நடந்தது என்றே பெரிதாகத் தெரியாது.

அரைப் புள்ளி பற்றி: ஒரு முழுப் புள்ளி ஏறினால் வெளியாகும் சக்தி சுமார் 32 மடங்கு. அரைப் புள்ளிக்கு ஐந்தரை மடங்கு. "அரைதானே" என்று சொல்ல இது கறிக்கடைத் தராசு இல்லை.

கப்பல்தம்பி:
வாத்தியாரய்யா சொன்ன 2012க்கு நான் சாட்சி. அன்று வங்காள விரிகுடாவின் தெற்கே, மலாக்கா நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நான் இஞ்சின் அறையில் டூட்டி. திடீரென்று கப்பல் முழுக்க ஒரு நடுக்கம், கடகடகடவென்று. நங்கூரச் சங்கிலி அவிழ்ந்து ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி. தரை தட்டிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போன் போட்டால், இரண்டாவது ஆபீசர் சிரிக்கிறார்: "கீழே மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் இருக்கிறது, எதைத் தட்டப் போகிறோம்?" டீ கிளாசில் வட்ட வட்டமாக அலை. ஒரு நிமிடம் இருக்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல இஞ்சின் ஓடியது. ரேடியோவில் எச்சரிக்கை வந்த பிறகுதான் என்னவென்று புரிந்தது.

நடுக்கடலில் கப்பலுக்கு சுனாமியால் ஆபத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004 அலையை ஜேசன் செயற்கைக்கோள் தற்செயலாக மேலே கடந்தபோது அளந்தது, நடுக்கடலில் அதன் உயரம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகம், விமானம் மாதிரி. கரைக்கு வர வர ஆழம் குறைந்து வேகம் குறையும், பின்னால் வருகிற தண்ணீர் முன்னால் போவதன் முதுகில் ஏறும். கொல்வது அந்த இடத்தில்தான்.

தெரு46:
தொட்டி விஷயம் அருமை ஐயா. அம்மாவுக்குச் செய்து காட்டினேன், குளியலறை முழுக்க ஈரம், எனக்குத் திட்டு. ஆனால் அடுத்த கேள்வி அவரே கேட்டார்: "அப்போ அந்தமான் பக்கத்துப் பிளவு எந்த ஜாதி? தூக்குகிறதா, இழுக்கிறதா?"

தட்டோன்_வாத்தியார்:
உங்கள் அம்மாவை என் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

அந்தமான் தீவுகளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு விதம். மேற்கே இருப்பது தூக்குகிற ஜாதி, 2004இல் உடைந்த அதே விளிம்பு. கிழக்கே, நமக்கும் தீவுகளுக்கும் நடுவில் உள்ள அந்தமான் கடலில் இருப்பது இழுக்கிற ஜாதி. மண்டலே, நேப்பிடோ வழியாக வந்து பெகு பக்கத்தில் கடலுக்குள் இறங்குகிற சகாயிங் பிளவு அங்கே போய்த்தான் சேர்கிறது. மார்ச்சில் ஆடியது இந்தப் பிளவு. நிலத்தில் 7.7, முழுக்கப் பக்கவாட்டு.

இப்போது அந்த வைபர் செய்தி. "அந்தமான் கடலுக்கு அடியில் பிளவு திறந்துவிட்டது." அதை எழுதினவருக்கே தெரியாமல் ஒரு உண்மை எழுதிவிட்டார். திறந்துதான் இருக்கிறது. சுமார் நாற்பது லட்சம் வருஷமாக. வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர் கணக்கில், நம்ம நகம் வளர்கிற வேகத்தில் கடல் தரை விலகிக்கொண்டே போகிறது, அடியிலிருந்து புதுப் பாறை வந்து இடத்தை நிரப்புகிறது. அந்தக் கடல் உண்டானதே அப்படித்தான். இந்த மாதக் கடைசிக்கு என்று விசேஷமாக எதுவும் ஏற்பாடு இல்லை.

தேதி, நேரம் குறித்து நடுக்கத்தைச் சொல்ல இன்று வரைக்கும் உலகத்தில் யாராலும் முடியவில்லை. ஏப்ரல் 21 என்று சொன்ன டிக்டாக் ஜோசியரை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதற்குள் ரங்கூனில் எத்தனை பேர் அன்று வீட்டுக்குள் போகாமல் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பியாபோன்காரன்:
எல்லோரும் படித்தவர்கள், நன்றாகவே சொல்கிறீர்கள். ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு "ஓ, பர்மாவுக்கு சுனாமி வராது" என்று ஒருவர் நிம்மதியாகப் படுத்துவிட்டால் அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்குத் தரை ஆடியது, படகில் கட்டியிருந்த விளக்கு ஆடியதைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். ஐராவதி டெல்டாவின் வாயில் உள்ள பின்சலு தீவில் அன்று ஆட்கள் செத்தார்கள். நாடு முழுக்க 61 பேர் என்று கணக்கு. தாய்லாந்தையும் இலங்கையையும் பார்க்கும்போது அது ஒன்றுமில்லை என்று எல்லோரும் மறந்துவிட்டார்கள். நம் கரையில் ஏறிய தண்ணீர் மூன்று மீட்டருக்குக் கீழேதான் என்கிறார்கள். சரி. மூன்று மீட்டர் என்றால் எங்கள் ஊரில் என்ன தெரியுமா? கூரை.

நான் நர்கீஸைப் பார்த்தவன். அது நடுக்கம் இல்லை, புயல், தெரியும். 2008 மே 2 ராத்திரி. முதலில் காற்று, அப்புறம் தண்ணீர் ஆற்றுப் பக்கத்திலிருந்து வராமல் வயல் பக்கத்திலிருந்து வந்தது. அதுதான் எங்களுக்குப் புரியவில்லை, தண்ணீர் வரக்கூடாத திசை. என் சித்தப்பா எங்களை அரிசி ஆலையின் நெல் மூட்டை அடுக்கு மேல் ஏற்றினார். ஈர நெல்லின் வாசம் இன்றைக்கும் வந்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும். நாடு முழுக்கச் செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். எங்கள் ஊரில் மேடு என்றால் பயா, பள்ளிக்கூடம், ஆலை. மூன்றே மூன்று. அலையைப் பிளவு தூக்கினால் என்ன, காற்று தள்ளினால் என்ன, ஓட இடம் வேண்டுமே.

தட்டோன்_வாத்தியார்:
தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. என் எழுத்தில் அந்த அர்த்தம் வந்திருந்தால் என் பிழை.

2004இல் நாம் தப்பித்தது நம் சாமர்த்தியத்தால் இல்லை, பிளவு கிடந்த திசையால். அது தெற்கு வடக்காக நீண்டு கிடந்தது. நீளமான பலகையைத் தண்ணீரில் தூக்கினால் அதன் அகலப் பக்கத்துக்குத்தான் அலை வீசும், நுனிப் பக்கத்துக்குக் கொஞ்சமாகத்தான் போகும். அகலப் பக்கத்தில் கிழக்கே தாய்லாந்து, மேற்கே இலங்கை, தமிழ்நாடு. நாம் நுனிக்கு நேரே வடக்கே இருந்தோம். போதாதற்கு நமக்கு முன்னால் கடல் ஆழம் இல்லாத சேற்றுக் கடல், அலையின் பலத்தைத் தின்றுவிட்டது.

ஆனால் அதே விளிம்பு அந்தமானோடு முடியவில்லை. நம் மேற்குக் கரையான அரக்கானை ஒட்டி வடக்கே போகிறது. அங்கே 1762 ஏப்ரல் 2ஆம் தேதி ஒரு பெரிய நடுக்கம். செடூபாத் தீவில் கரையே பல அடி உயர்ந்துவிட்டது. எண்பது வருஷம் கழித்து ஒரு ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி அளக்கப் போனபோது, கடலில் இருக்க வேண்டிய சிப்பி ஒட்டின பாறைகள் மேட்டில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தத் துண்டு மறுபடி உடைந்தால் அது தூக்குகிற ஜாதி, நம் வாசலிலேயே. எப்போது என்று யாருக்கும் தெரியாது. சிட்வே, சாவ்பியூ, தாண்ட்வே பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். வைபர் செய்தியை விட்டுவிடுங்கள்.

நாகைப்பேரன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "மேற்கே தமிழ்நாடு" என்று ஐயா எழுதினதைப் பார்த்து எழுதுகிறேன்.

1964இல் எங்கள் தாத்தாவின் தம்பி குடும்பம் கடையை விட்டுவிட்டுக் கப்பலேறி ஊருக்குப் போனது. தாத்தா போகவில்லை. நாற்பது வருஷம் அங்கிருந்து கடிதம் வரும், "அங்கே எப்படி இருக்கிறீர்களோ, நாங்கள் இங்கே நிம்மதி, நீங்களும் வந்துவிட்டிருக்கலாம்" என்று. அவர்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடலுக்கு நடக்கும் தூரம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே ஆட்டம் நின்று இரண்டு மணி நேரம் கழித்து அங்கே தண்ணீர் வந்தது. இரண்டு மணி நேரம். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போயிருக்கலாம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். எங்கள் வீட்டில் மூன்று பேர். அதற்கப்புறம் தாத்தா அந்தக் கடிதக் கட்டைப் பிரித்ததில்லை.

கப்பல்தம்பி:
வருத்தமாக இருக்கிறது தம்பி.

அன்று இந்துமாக் கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. பசிபிக்கில் மட்டும்தான் இருந்தது. இப்போது இருக்கிறது. 2007இலிருந்து ஹைதராபாத்தில் ஒரு மையம், அப்புறம் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் சேர்ந்து இந்தக் கடலைப் பார்க்கின்றன. கடல் தரையில் அழுத்தமானி, மேலே மிதவை. தலைக்கு மேல் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் கீழே இருக்கிற கருவிக்குத் தெரிந்துவிடும், மிதவை அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். 2012இல் சீக்கிரமே எச்சரிக்கையைத் திரும்பப் பெற முடிந்ததும் இப்படிக் கடலையே அளந்து பார்த்ததால்தான்.

ஹைதராபாத்திலிருந்து செய்தி நாட்டுக்கு வந்துவிடும். நாட்டிலிருந்து கரண்டும் இல்லாத, போனும் எடுக்காத கிராமத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? அங்கேதான் அறுந்துவிடுகிறது.

மோல்மீன்_மணி:
அதனால்தான் "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அதிலும் ஒரு சிக்கல். போன வருஷம் மச்சான் குடும்பம் மேல் பர்மாவிலிருந்து வந்தது, செட்சே கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். மத்தியானம் சோறு சாப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் கடலைக் காணோம். அரை மைலுக்கு வெறும் சேறு, அதில் நண்டு பிடிக்கிற பிள்ளைகள். மச்சான் மனைவி "சுனாமீ!" என்று கத்திக்கொண்டு செருப்பைக் கூடப் போடாமல் ஓடிவிட்டாள். கடைக்காரம்மா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். மர்த்தபான் வளைகுடாவில் கடல் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் போய்த் திரும்பும். சிட்டவுங் ஆற்று வாயில் ஏற்றம் திரும்புகிறபோது தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து ஆற்றில் எதிர்த்து ஏறும்.

எங்கள் பக்கத்துக்காரன் "கடல் போனது" என்பதை மட்டும் பார்த்து என்ன முடிவு எடுப்பது?

தட்டோன்_வாத்தியார்:
நல்ல கேள்வி மணி. போக வேண்டிய நேரத்தில் போனால் வற்றம். போகக் கூடாத நேரத்தில், கண்ணெதிரே விறுவிறுவென்று போனால் ஓட வேண்டும். அந்தக் கடைக்காரம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும், நமக்குத்தான் தெரியாது. மெர்குய் தீவுகளிலும் தாய்லாந்துப் பக்கத் தீவுகளிலும் படகிலேயே வாழ்கிற மோக்கன் மக்கள் 2004இல் தப்பித்ததும் இப்படித்தான். கடல் ஒரு தரம் மனிதரைத் தின்ன வரும் என்று அவர்களுக்குப் பாட்டன் காலக் கதை உண்டு. சித்தர்வாக்கு அண்ணன் சொல்கிற "பெரியவர்கள் சொன்னது" என்றால் அது இந்த மாதிரி இருக்க வேண்டும். அதில் தேதி கிடையாது. எதைப் பார்த்தால் எங்கே ஏற வேண்டும் என்பதுதான் உண்டு.

கடலைப் பார்க்கவே வேண்டாம், தரையே சொல்லிவிடும். கரையோரத்தில் இருக்கும்போது நிற்க முடியாத அளவுக்கு, அல்லது அரை நிமிடத்துக்கு மேல் ஆடினால், எந்த ஜாதிப் பிளவு என்று ஆராயாமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். முதல் அலை போனதும் இறங்கி வராதீர்கள், இரண்டாவதும் மூன்றாவதும் பெரிதாக வருவதுண்டு.

சித்தர்வாக்கு:
சரி ஐயா. நான் அனுப்பிய குழுவில் அழித்துவிட்டேன். இரண்டு குழுவில் அழிக்க முடியவில்லை, நேரம் தாண்டிவிட்டது.

தெரு46:
அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ரங்கூனுக்குக் கடலால் பெரிய பயம் இல்லை என்றால், அம்மா பையை அவிழ்த்துவிடலாமா?

தட்டோன்_வாத்தியார்:
பை இருக்கட்டும் அம்மா. கடலுக்காக இல்லை, சகாயிங் பிளவுக்காக. 1930 மே 5 ராத்திரி பெகுவில் ஐந்நூறு பேர் போனார்கள், அங்கே ஷ்வேமோடோ பயா இடிந்து விழுந்தது, ரங்கூனிலேயே ஐம்பது பேர். மார்ச்சில் உடைந்தது வடக்கே உள்ள நீளமான துண்டு, நேப்பிடோவைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே வந்து நின்றுவிட்டது. பெகுத் துண்டு அப்படியே இருக்கிறது. சூலேக்குத் தண்ணீர் வருமா என்று கேட்பதை விட, உங்கள் படிக்கட்டு தாங்குமா என்று கேளுங்கள். அந்த விரிசலை இதுவரை யாராவது பார்த்தார்களா?

தெரு46:
வீட்டுக்காரரிடம் மூன்று தரம் சொல்லிவிட்டோம். மேலே வெள்ளை அடித்துவிட்டுப் போனார்.

கப்பல்தம்பி:
இன்ஜினியர் வரும் வரைக்கும் ஒரு வேலை செய்யுங்கள் அக்கா. அடித்த வெள்ளையைச் சுரண்டிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஆரல்டைட் போட்டு ஒட்டுங்கள். பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அன்றைக்கே வேறு வீடு பாருங்கள், வீட்டுக்காரரிடம் பேச்சு அப்புறம். உடையாவிட்டாலும் இன்ஜினியரைக் கூப்பிடத்தான் வேண்டும்.

தெரு46:
பத்து நாள் ஆகிவிட்டது, சொல்ல வந்தேன். பழைய போட்டோ பிரேமின் கண்ணாடியை வெட்டி ஒட்டினோம். மாதக் கடைசியும் போய்விட்டது. கண்ணாடி முழுசாக இருக்கிறது. நாளன்றைக்கு ஒரு இன்ஜினியர் வருகிறார், இரண்டாம் மாடிக்காரர்களும் பாதிப் பணம் தருகிறார்கள். அம்மா தினமும் காலையில் படியிறங்கிப் போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வருகிறார். நேற்றுப் பார்த்தால் அதற்கு மேலே ஒரு சந்தனப் பொட்டு.